அறுநூற்று அறுபது விநாடி

“மெதுவாக இருக்கிறது” என்று மட்டும் எழுதுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எது மெதுவாக, எப்போதிலிருந்து, என்ன செய்தபோது என்று ஒரு வார்த்தை இருக்காது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து “உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்கிற ரகம். எட்டு வருடமாக இந்த ரகத்துக்குத்தான் அவள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றி எப்போதாவது வரும், திட்டு தினமும் வரும்.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருந்தது. பார்சல் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வாள். மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அங்கே அவள் கம்ப்யூட்டரக்கா. ஸ்டிக்கர் அடிக்கும் மெஷின் தாளை மென்றாலும் அக்கா, மேஜை விசிறி ஓடாவிட்டாலும் அக்கா. காலை ஆறிலிருந்து பத்து வரை, சமையலறை ஜன்னலை ஒட்டிப் போட்ட மேஜையில், அவள் பூதக்கண்ணாடி. மென்பொருள் ஒன்றின் குறை கேட்கும் தளத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. அங்கே நிஜப் பெயரை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஒன்று ஆகி, நாலே வருடத்தில் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அவளும் அம்மாவும் அந்தப் பழைய வீட்டில் இருந்தார்கள்.

அந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செய்தி அனுப்பத்தான் அதுவும். ஆனால் நடுவில் கம்பெனி கிடையாது, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கணினி கிடையாது. பயன்படுத்துகிற ஒவ்வொருவருடைய கணினியும் மற்றவர்களின் செய்தியைச் சுமக்கும். உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை. கைமாற்றி விடுகிறவனுக்கு யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, உள்ளே என்ன என்று எதுவும் தெரியாது. அதை எழுதியவர்களுக்கும் தெரியாது. நல்ல ஏற்பாடுதான், ஓடுகிற வரைக்கும். நின்றுபோனால் ஏன் நின்றது என்று பார்க்க, மென்பொருள் வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவு வேண்டும். பதிவை அனுப்பச் சொன்னால் ஆட்கள் பயந்து பாதியை அழித்துவிட்டு அனுப்புவார்கள். அந்தப் பாதியில்தான் கோளாறு இருக்கும்.

உதவிப் பக்கத்தின் தலைமேல் மூன்று விதி இருந்தது. யார் என்று கேட்காதே. எங்கே என்று கேட்காதே. யாருக்கு என்று கேட்காதே. எழுதியது அவள்தான். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், ஆனால் அவளுக்கு அதை எழுதக் காரணம் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி ஒரு பரிசோதனைக்கூடத்தில் எழுத்தராக இருந்தான். தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ச் சோதனை முடிவுகளை மாற்றி எழுதச் சொன்னார்கள். அவன் மாற்றாத தாள்களைப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்துவிட்டு, நண்பன் ஒருவனின் அறையில் போய் ஒளிந்துகொண்டான். இடம் அக்காவுக்கு மட்டும் தெரியும். மூன்றாம் நாள் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு ஒருவன் வாசலில் வந்து நின்றான். கூட வேலை பார்க்கிறவன் என்றான், தம்பியின் சான்றிதழ்களை மேஜையிலிருந்து பத்திரமாக எடுத்து வந்திருப்பதாகச் சொன்னான், தண்ணீர் கேட்டுக் குடித்தான். அவள் விலாசத்தைச் சீட்டில் எழுதியே கொடுத்தாள். போய் மூன்று பேராகத் தம்பியின் வலது கையை ஒடித்தார்கள். எங்கிருந்தோ அவன் ஒரு தடவை போன் செய்தான். “யார் வந்து கேட்டாலும் சொல்லிடுவியாக்கா?” என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதோடு சரி. அப்பா செத்தபோதும் அவன் வரவில்லை. யாரிடம் சொல்லி அனுப்புவது என்றே தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் இந்த வேலையில் வந்து விழுந்தாள். அம்மாவுக்கு இதன் தலையும் புரியாது வாலும் புரியாது. மகள் தினமும் நாலு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தட்டுகிறாள், ஆகவே மகனைத்தான் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். காபித் தம்ளரைக் கொண்டுவந்து வைக்கும்போது, “ஏதாவது தெரிஞ்சுதா?” என்பாள். “இல்லம்மா” என்பாள் இவள். எட்டு வருடமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்.

காலி டப்பா என்ற பெயரில் ஒருவன் தளத்துக்கு வந்தது மழை விட்ட ஒரு திங்கட்கிழமை. அவனும் “மெதுவாக இருக்கிறது” என்றுதான் ஆரம்பித்தான். பழைய லேப்டாப் செத்துவிட்டது, வேறு ஒன்று கைமாறி வந்தது, அதில் போட்டதிலிருந்து செய்தி போகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, இருபது அனுப்பினால் ஒன்று போகிறது என்று எழுதியிருந்தான். எண் சொன்னதற்காகவே அவளுக்கு அவன்மேல் ஒரு மரியாதை வந்தது. வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டாள்: கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு உறையின் மேலும் நேர முத்திரை இருக்கும். முத்திரை நிஜ நேரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால், எவனோ வேவுகாரன் விளையாடுகிறான் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அந்த உறையைக் குப்பையில் போட்டுவிடும். சத்தம் காட்டாது. “வாங்க மாட்டேன்” என்று சொன்னால் அதுவே வேவுகாரனுக்கு ஒரு தகவல் அல்லவா. முத்திரையைப் பார்க்கத் தெரியாத பழைய பதிப்பை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் சோம்பேறிக் கணினிகள் சில உண்டு. அவை வழியாகத் தட்டுத் தடுமாறி ஒன்றிரண்டு போகும். சேராதவற்றை அனுப்பியவனின் கணினி தன்னிடமே வைத்துக்கொண்டு, சேரும்வரை புது முத்திரையோடு திரும்பத் திரும்ப அனுப்பும். அவனுக்கு அது மெதுவாக இருப்பதுபோலத் தெரியும்.

கடிகாரம் சரி என்று பதில் வந்தது. வெளியே நேரம் கேட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று உதவிப் பக்கத்தில் போட்டிருந்ததால் தானாக நேரம் சரிசெய்வதை அணைத்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்ததாக எழுதியிருந்தான். ஜாக்கிரதையான ஆள். பதிவையும் அனுப்பினான், பெயர், முகவரி, ஒவ்வொரு வரியின் நேரம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்திருந்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு, இன்னொன்று அனுப்பச் சொன்னாள்.

இரண்டாவது பதிவோடு ஒரு வரி எழுதியிருந்தான். “தூங்குமூஞ்சிக் குழாய் மாதிரி சொட்டுதுங்க.”

அவள் கை தம்ளர்மேலேயே நின்றுவிட்டது. தூங்குமூஞ்சிக் குழாய் என்று உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது இந்த வீட்டுப் பின்கட்டில் இருந்தது. அப்பா வருடக்கணக்கில் ரிப்பேர் பார்க்காமல் விட்ட அந்தக் குழாய்க்கு, ஏழு வயதிலும் பத்து வயதிலும் இருந்த இரண்டு பிள்ளைகள் வைத்த பெயர் அது. இருக்காது, யாருக்கும் வாயில் வரக்கூடிய வார்த்தைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவைப் பார்த்தாள். நேரங்களை எல்லாம் சுரண்டியவன் ஒரே ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டிருந்தான். வந்த உறை தள்ளப்பட்டது, வித்தியாசம் 660 விநாடி.

அறுநூற்று அறுபது விநாடி என்றால் பதினோரு நிமிடம். அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்தவர். வீட்டுக் கடிகாரங்கள் அத்தனையும் பதினோரு நிமிடம் முன்னால் ஓடும். பத்து என்றால் மனசு உடனே கழித்துவிடும், பதினொன்று என்றால் கொஞ்சம் யோசிக்கும், அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. பிள்ளைகளின் கைக்கடிகாரத்தையும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார். அவர் போய் ஏழு வருடம் ஆகியும் கூடத்துக் கடிகாரத்தை அம்மா மாற்ற விடவில்லை. தம்பியும் எங்கோ ஒரு ஊரில், கையை ஒடித்துக்கொண்டு போன இடத்தில், அப்பா வைத்த நேரத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பைப் பார்ப்பதுபோல எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வந்து பதில் எழுதினாள். உங்கள் கடிகாரம் பதினோரு நிமிடம் முன்னால் இருக்கிறது, சரிசெய்யுங்கள். ஏழு வார்த்தை. அனுப்பியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பொத்தான்மேல் கையை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: சரியாகிவிட்டால் இவன் எதற்குத் திரும்பி வருவான்? எட்டு வருடத்தில் குறை தீர்ந்த ஒருத்தன்கூட, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததில்லை. நான்தான்டா உன் அக்கா என்று சொல்லலாமா என்றால், அதற்கும் வாய் வரவில்லை. மோப்பம் பிடித்து வந்துவிட்டாள் என்றுதான் நினைப்பான். மறுநாள் அவன் இருந்த இடம் தெரியாது. அவள் அந்த ஏழு வார்த்தையை அழித்தாள். இன்னொரு பதிவு அனுப்ப முடியுமா என்று எழுதினாள்.

இதற்கு என்ன பெயர் சொல்வது? நோய் தெரிந்த டாக்டர், நோயாளி வந்துபோக வேண்டும் என்பதற்காக மருந்தைக் கொடுக்காமல் வைத்திருந்தால் நாம் என்ன சொல்வோமோ, அதுதான் பெயர். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தே செய்தாள். அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சோதிக்கச் சொன்னாள். எந்தப் பயனும் இல்லாத ஒரு எண்ணை மாற்றச் சொல்லி, பிறகு பழையபடி வைக்கச் சொன்னாள். அவன் முகம் கோணாமல் எல்லாவற்றையும் செய்தான். பதில் வரத் தாமதமானால் மன்னிப்பு வேறு கேட்டான். “இடது கையால மட்டும்தான் டைப் பண்றேன், அதான் லேட்டாகுது” என்று ஒரு நாள் எழுதினான். அன்றைக்குக் கிடங்கில் மூன்று பார்சலைத் தப்பான வண்டிக்கு மாற்றிவிட்டாள். இன்னொரு நாள், “நீங்க ஒருத்தர்தான் சலிக்காம பதில் சொல்றீங்க” என்று எழுதினான். அதை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று சொன்னால் வெட்கக்கேடு.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். “ஏதாவது தெரிஞ்சுதா?” என்றாள். “இல்லம்மா” என்றாள் இவள்.

மூன்றாவது வாரம் சாவிக்கடை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, இரண்டு தெரு தள்ளி மாற்றுச் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர். பழைய நண்பர்களோடு பேச வேண்டும் என்று நாலு வருடத்துக்கு முன் அவர் கேட்டபோது இவள்தான் அவர் போனில் இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். புதுப் பதிப்பு வந்தால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் ஏற்றிக்கொடுப்பாள். ஒருவரிடமிருந்து சேதி வரவேண்டும், வரவே இல்லை, நான் அனுப்பியதும் போகாமல் நிற்கிறது, இது ஓடுகிறதா இல்லையா என்று அவர் போனை நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது, இணைப்பு இருந்தது, பதிப்பு புத்தம் புதியது. பதிவைத் திறந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. அடுத்தவர் போனில் பதிவைத் திறந்தால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும், அவள் விதிக்காரி. “இந்தப் பக்கம் எல்லாம் சரியா இருக்கு மாமா. அனுப்புறவங்க பக்கம்தான் கோளாறு” என்றாள்.

மாமா போனைப் பையில் போட்டார். ஏதோ சொல்ல வந்தவர்போலச் சமையலறைப் பக்கம், அம்மா நின்ற திசையைப் பார்த்தார். “யாருன்னு கேக்க மாட்டியா பாப்பா?” என்றார்.

“அதெல்லாம் கேக்கக்கூடாது மாமா” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாவது வாரம் வாத்தியார் வந்து சேர்ந்தார். மென்பொருளை எழுதியவர்களில் மூத்த ஆள். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நிஜத்தில் என்ன வேலை செய்கிறவர் என்று யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை தீராத குறைகளைப் புரட்டிப் பார்ப்பார். அவளுக்குத் தனியாக எழுதினார். காலி டப்பாவின் விவகாரம் இரண்டாவது பதிவிலேயே பட்டவர்த்தனமாக இருக்கிறதே, உங்கள் கண்ணிலிருந்து இது எப்படித் தப்பியது, அவர் பாவம் ஐந்து வாரமாக அல்லாடுகிறார் என்று கேட்டிருந்தார். கவனிக்கவில்லை என்று அவள் எழுதினாள். மனசாட்சி உறுத்தி அவள் காலி டப்பாவுக்குப் பதில் சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை, மாட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னாள். அதே ஏழு வார்த்தை.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

“சரியாயிடுச்சுங்க. இப்ப பளிச்சுனு போகுது. பதினோரு நிமிஷம் முன்னாடி வைக்கிறது எங்க வீட்டுப் பழக்கம், அதைப் போய் கோளாறுன்னு எனக்குத் தோணவே இல்ல. ஒரே ஒரு வருத்தம். வீட்டுக்கு வரலாமான்னு சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டு அனுப்பியிருந்தேன். மாசக் கடைசிக்குள்ள பதில் வரலைன்னா வர வேண்டாம்னு எடுத்துக்கறேன்னும் எழுதியிருந்தேன். பதில் வரல. சரி, இன்னும் கோவம் போகலை போலன்னு நினைச்சு வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நேத்துதான் வந்து இறங்கினேன். மூணு வருஷம் இங்கேர்ந்து நகர முடியாது. உங்க தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க எவ்வளவோ பொறுமையா பார்த்தீங்க. ரொம்ப நன்றி.”

அவள் அதை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் வாசலில் மாமாவின் குரல் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். போன் கையில் இருந்தது. நாலு வருடமாக வருடத்துக்கு இரண்டு தடவை அவன் தன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தான், உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்வான், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான் என்று அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னார். இப்போது வரலாமா என்று கேட்டிருக்கிறான், இன்றைக்குக் காலையில்தான் வந்தது என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தாறு வயது முகம் ஒரு நிமிடம் என்னமோ ஆகிவிட்டது. “வரச் சொல்லுடா. உடனே வரச் சொல்லு” என்றாள். பின்கட்டு அறையைக் காலி பண்ண வேண்டும், அந்தக் குழாயை முதலில் மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தபடியே தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

மாமா விரலால் திரையைத் தள்ளி அடுத்ததைப் படித்தார். அதற்கு அடுத்ததையும் படித்தார். குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது. ஐந்து வாரமாகத் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்திருந்தது. கடைசிச் சேதி விமான நிலையத்திலிருந்து எழுதியது. மாமா மருமகளைப் பார்த்தார். அனுப்புகிறவர் பக்கம்தான் கோளாறு என்று அவள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் சொன்னது முழுக்க உண்மை.

“எனக்குத் தெரியும்மா” என்றாள் அவள். “அஞ்சு வாரமா தெரியும். அவன்தான்னு தெரியும், என்ன கோளாறுன்னும் தெரியும். சரி பண்ணிட்டா திரும்ப வர மாட்டான்னு சொல்லாம வச்சிருந்தேன்.” மாமாவுக்குச் சேதி வராதது அதனால்தான் என்பது தனக்குத் தெரியாது என்று சேர்த்துச் சொல்ல நினைத்தாள். அது காசுக்கு உதவாத சமாதானம் என்று அவளுக்கே தோன்றியது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். மேஜைமேல் வைத்திருந்த காபித் தம்ளரை, அவள் குடிக்கவில்லை என்று பார்த்து, கையில் எடுத்துக்கொண்டாள்.

“எவனோ வாசல்ல வந்து கேட்டான், அவனுக்குச் சொன்ன” என்றாள். “நான் தினம் கேட்டேன். எனக்குச் சொல்லல.”

உள்ளே போய்த் தம்ளரைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் காலையிலிருந்து காபி வந்தது, தம்ளர் மேஜைமேல் இருந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை.